கழியின் வாய் மூடிய ஐந்து ராத்திரிகள்

தண்ணீரில் நட்ட அளவுகட்டையை மணிக்கொரு தரம் பார்த்து, எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதுவதற்கும் ஒரு உத்தியோகம் உண்டு. எழுபதுகளின் கடைசியில், தேங்காய்த்திட்டுக் கழியில் படகுத்துறை கட்ட அளவெடுத்தபோது, தினக்கூலிக்கு அதன் ராத்திரி முறை எனக்கு வாய்த்தது. ராத்திரி விழித்துப் பகலில் தூக்கம் வராமல் புரளும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது.

நிலாவும் மட்டியும்

கழி என்பது கடலின் உள்ளறை. முன்னால் மணல்திட்டு மறித்திருப்பதால் அலை வராது. ஒரே ஒரு வாய். அதன் வழியே கடலோடு சேர்ந்து தண்ணீர் ஏறும், வடியும். எட்டாவதோடு நின்ற நான், பழைய புவியியல் பாடநூலை வைத்துக்கொண்டு இதைக் கற்றேன். விடியலில் மட்டிச் சிப்பி பொறுக்க வரும் கனகம், தண்ணீர் எப்போது வற்றும் என்று கேட்பாள். ஒருநாள் நிலா, பூமி, ஈர்ப்பு என்று விளக்கினேன். கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"நிலா கெடக்கட்டும்ணே. ஆறு மணிக்கா, ஏழு மணிக்கா, அதச் சொல்லு."

அந்துவான் அண்ணன் முறை

பகல் முறை அந்துவான் அண்ணனுக்கு. யாரையும் பிரெஞ்சு வழக்கத்தில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். காலை எட்டு மணிக்கே சாயங்காலம் வரைக்குமான தண்ணீரை எழுதிவிட்டுப் பூவரச மரத்தடியில் சாய்ந்துவிடுவார். "என்னண்ணே இது?" என்றேன்.

"பிரெஞ்சுக்காரன் காலத்துலேருந்து இந்தத் தண்ணி இப்படித்தான் போய்வருது முசியே. தெரிஞ்ச ஆள எதுக்கு மணிக்கொரு தரம் எட்டிப் பாக்கணும்?"

வாய் மூடியது

அந்தச் சித்திரையில் கழியில் வந்து விழும் ஆறு வற்றியது. தள்ளிவிட ஆற்றுநீர் இல்லாமல் மணல் வந்து கழியின் வாயை அடைத்தது. ஐந்து ராத்திரி தண்ணீர் அசையவில்லை. ஒரே எண்ணையே எழுதினேன். அந்துவான் நோட்டிலோ அழகாக ஏறி இறங்கியது. இன்ஜினீயர் ஆபீசில் இரண்டு நோட்டையும் விரித்தார்.

"பகல்ல ஏறி இறங்குற தண்ணி ராத்திரியில தூங்குமாய்யா? நீதான் தூங்கியிருக்க. மாத்தி எழுது. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கறேன்."

வாசலில் அந்துவான் குடையைப் பிடித்தபடி வெளிறி நின்றார். அவரை நான் காட்டிக் கொடுக்கவில்லை. வேலை போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் பார்க்காத தண்ணீரை எழுதக் கை வரவில்லை. "வாங்க சார், வாயக் காட்டுறேன்" என்றேன். அவருடைய வரைபடத்தில் இடுப்பளவு ஆழம் என்று நீலம் தீட்டியிருந்த இடத்தில், அவருடைய ஷூ நனையாமல் அக்கரைக்கு நடந்தோம். அவருக்குப் புரிந்தது. "சரிய்யா, அடைச்சிருக்கு. ஆனா பகல் நோட்டு மேலிடத்துக்குப் போயாச்சு. உன்னோடத மாத்து" என்றார். ஒரு எண்ணையும் மாற்றாமல், ஐந்து பக்கத்திலும் அழுத்தி இன்னொரு கையெழுத்துப் போட்டு நீட்டினேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

திரும்பி நடக்கையில் அந்துவான் பின்னாலேயே வந்தார்.

"என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்பியேடா, பாவி."

மொத்தத்தில், என்னைத் துரத்திய வேலைகளில் ஒழுங்காகச் செய்ததற்காகத் துரத்தியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நியாயமான காரணங்களுக்காக.