நாலு விரல் மடிப்பு

கஞ்சி போட்ட புதுத் துணியின் வாசனையும் தையல் மெஷின் எண்ணெயின் வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் மே மாதம்தான். மற்ற பிள்ளைகளுக்கு மே என்றால் மாங்காயும் ஆற்றுக் குளியலும். எனக்கோ தச்சநல்லூரில் ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியில் நடந்த மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கமும், அங்கே ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும் நீலத் துணியும்தான். அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு இலவசச் சீருடை தைக்கிற சங்கம் அது. முப்பது பெண்கள், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் தைத்து முடித்தாக வேண்டும். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

அதற்கு முன்னால் இதே பெண்கள் ஒரு ஜவுளிக்கடைக்கு வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்தவர்கள்; தையல் கோணலாக இருக்கிறது என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே விட்டெறிந்ததைப் பொறுக்கிக்கொண்டு பேசாமல் திரும்பி வந்தவர்கள். அந்தக் கோபமோ என்னவோ, சங்கம் வந்த பிறகு எல்லாவற்றுக்கும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். ஒற்றை ஃபேனை எந்த வரிசைப் பக்கம் திருப்பி வைப்பது என்பதற்குக்கூட ஒரு நாள் கை தூக்கினார்கள். "இங்கன அண்ணாச்சியும் கிடையாது, முதலாளியும் கிடையாது. கைதான் பெருசு" என்பார் சங்கத் தலைவி பிச்சம்மாள் பெரியம்மா.

துணி வெட்டுகிறவரும் அவர்தான். பாவாடையின் அடியில் ஒரு விரல் மடித்தால் போதும் என்பது அரசாங்கம் அனுப்பிய மாதிரி அளவு. பெரியம்மாவோ துணியைத் தலைகீழாகவும் குறுக்காகவும் அடுக்கி, வீணாகப் போகிற இடத்திலெல்லாம் மிச்சம் பிடித்து, நாலு விரல் மடிப்பு வைத்து வெட்டுவார். அதற்குச் சங்கத்தில் "வளத்தி மடிப்பு" என்று பெயர். "பொம்பளப் பிள்ளைக்கு வளத்தி மூணு மாசத்துல வந்துரும், இந்தத் துணி வருசத்துக்கு ஒருக்காத்தான வருது" என்பார். பாவாடை குட்டையானால் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அவருடைய மகளை எட்டாம் வகுப்பில் பாதி வருஷத்தோடு நிறுத்தியிருந்தார்கள். முழங்கால் தெரியத் தெருவில் நடக்கிறாள் என்று வீட்டு ஆண்கள் சொன்னார்களாம், அவ்வளவுதான். இதைப் பெரியம்மா யாரிடமும் அழுது சொன்னதில்லை. அம்மாதான் என்னிடம் சொன்னாள்.

நான் ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டிய அந்த மே மாதம், அளவு பார்க்க ஓர் அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, தண்ணீர் கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கிக் குடித்தார். ஆனால் மடிப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மொத்தமும் மாதிரிப்படி இல்லை என்று சொல்லிவிட்டார்.

"கொறச்சா குத்தம், சரி. கூட்டுனாலுமா சார் குத்தம்?" என்று கேட்டார் பெரியம்மா.

"கூட்டுனாலும் குத்தந்தாம்மா. எல்லாம் ஒண்ணு போல இருக்கணும். இல்லன்னா அடுத்த வருசத் துணி வேற சங்கத்துக்குப் போயிரும்."

அவர் போன பிறகு கை தூக்கச் சொன்னார்கள். மிச்சத்தை வெட்டிவிடலாம் என்று இருபத்தொன்பது கைகள் எழுந்தன. என் அம்மாவின் கையும் அதில் இருந்தது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, சங்கத்தை விட்டால் எல்லாருக்கும் மறுபடியும் ஜவுளிக்கடைதான் கதி. பெரியம்மா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கத்திரியை எடுத்து, "சங்கம்னு ஆன பொறவு எனக்குன்னு தனிக் கத்திரி உண்டுமா" என்று சொல்லிவிட்டு முதல் பாவாடையை அவரே வெட்டினார். மூன்று நாள் வெட்டினார்கள். நீலப் பட்டைகள் தரையெல்லாம் சுருண்டு கிடந்தன. அம்மா ஒரு தலையணை உறை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.

பெரியம்மா சொன்னது போலவே டிசம்பருக்குள் நான் வளர்ந்துவிட்டேன். அம்மா ஒரு பட்டையை எடுத்து என் இலவசச் சீருடைப் பாவாடையின் அடியில் ஒட்டுப் போட்டாள். துவைத்துத் துவைத்து வெளுத்த பாவாடைக்குக் கீழே அந்தப் புது நீலம் பளிச்சென்று தெரிந்தது. வகுப்பில் எனக்கு "பார்டர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன், சாப்பிடாமல் படுத்தேன். அந்த வயதில் அதைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் இருக்க முடியாது என்று நம்பினேன்.

என் பக்கத்தில் உட்காரும் முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னைவிட உயரம், அவளுடைய பாவாடை என்னுடையதைவிடக் குட்டை. அவளுடைய அம்மா நடவுக்குப் போகிறவர், வீட்டில் மெஷின் கிடையாது. வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டால் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்துவார்கள். ஒரு நாள் மத்தியானம் அவள் என் பாவாடையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒங்கம்மைட்ட சொல்லி எனக்கும் இது மாதிரி ஒண்ணு தச்சுத் தாரியா? எங்கண்ணன் ஏசுதான்" என்று மெதுவாகக் கேட்டாள்.

சரி என்றேன். ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. மறதியில்லை. அந்தப் பட்டையைப் பற்றி வீட்டில் இன்னொரு தரம் பேச எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். மறுநாள் கேட்டாள், "அம்மாவுக்கு வேலை" என்றேன். அதற்கு அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. ஆஜர் எடுக்கும்போது சார் அவள் பெயரை இரண்டு மூன்று நாள் கூப்பிட்டார், பிறகு விட்டுவிட்டார்.

இப்போது கிட்டங்கி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. சங்கம் வேறு தெருவுக்குப் போய்விட்டது. துணி வெட்டியே வருகிறதாம், அதனால் யாரும் எதையும் மிச்சம் பிடிக்க வழியில்லை. பிச்சம்மாள் பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பிடாதி எங்கே இருக்கிறாள் என்று நான் விசாரித்தவரை யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் அம்மாவை என்னோடு கூட்டி வருவதற்காக வீட்டை ஒழித்தபோது, பெட்டிக்கு அடியில் அந்தத் தலையணை உறை கிடந்தது. உள்ளே நீலப் பட்டைகள், வெயில் படாததால் நிறம் மங்காமல். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் கழித்து முப்பிடாதியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "எம்புட்டு வளத்தி இருப்பா அந்தப் பிள்ள?" என்று கேட்டாள். என் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினேன். அவள் ஒரு பட்டையை எடுத்து நீவி, விரலால் அளந்து பார்த்தாள்.

"ஒரு பாவாடைக்கு இது காணும். அஞ்சு நிமிச வேலைதானட்டி இது" என்றாள். "சொல்லிருக்கலாம்லா."