நாலாம் கூண்டில் பூசிய மஞ்சள்

காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால் ஒரு தனியார் மருந்தியல் கல்லூரி. அங்கே ஆராய்ச்சி எலிகளைச் சுப்பையன் பார்த்துக்கொள்ளத் தொடங்கி ஒன்பது வருடம் நான்கு மாதம். அதற்கு முன் பதினோரு வருடம் பல்லடத்தில் கோழிப்பண்ணை. அங்கே காலையில் செத்த கோழிகளை எண்ணி எழுதிவிட்டுத்தான் டீ. அந்தப் பழக்கம் கோயமுத்தூருக்கும் கூடவே வந்தது. கல்லூரிப் பதிவேட்டில் எடை, தீனி, தண்ணீர் என்று மூன்று கட்டம்தான். அதில் அடங்காததையெல்லாம் சட்டைப்பை டைரியில் குறிப்பார்.

2025 ஜனவரியில் வர்ஷினி என்ற ஆராய்ச்சி மாணவி பன்னிரண்டு எலிகளை எடுத்துக்கொண்டாள். கூண்டுக்கு மூன்று. எல்லாவற்றுக்கும் மூளையில் அழற்சி உண்டாக்கி நினைவை மங்கச் செய்யும் ஊசி. முதல் இரண்டு கூண்டுக்கு மஞ்சளிலிருந்து பிரித்த குர்குமின் எண்ணெயில் கலந்து கொடுத்தாள். மற்ற இரண்டுக்கும் வெறும் எண்ணெய். பிறகு தொட்டித் தண்ணீரில் விட்டு, மறைத்து வைத்த மேடையை எத்தனை நொடியில் கண்டுபிடித்து ஏறுகின்றன என்று பார்ப்பது.

பிப்ரவரி 19, புதன்கிழமை. மருந்து தின்ற ஆறும் இருபது நொடி சுமாருக்கு ஏறிவிட்டன. மூன்றாம் கூண்டுக்கு ஐம்பது நொடி ஆனது. நாலாம் கூண்டில் ஒன்று 49, மற்ற இரண்டும் 23, 20.

"இந்த ரெண்டும் எப்படிங்ண்ணா இவ்வளவு சீக்கிரம் ஏறுச்சு?"

"தெரியலீங்க அம்மணி." அப்போது அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

"மருந்து குடுக்காததும் ஏறுதுன்னா, மருந்துனால பெருசா ஒண்ணும் ஆகலைன்னுதான் எழுதணும் போல" என்று வர்ஷினி உட்கார்ந்துவிட்டாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் சுப்பையன் டைரியைப் புரட்டினார். ஜனவரி 27, மாலை 4.10. நாலாம் கூண்டில் சண்டை, இரண்டுக்குக் கடி. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசியது. 28, 29 தேதிகளிலும். எலி எதையும் உடம்பில் விட்டுவைக்காது, நக்கித் தின்றுவிடும். காயம் பட்டால் கால்நடை டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று சுவரிலேயே ஒட்டியிருந்தது. மே மாதம் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அவருக்கு வயது ஐம்பத்தேழு.

மனைவி பொன்னாத்தாளிடம் சொன்னார்.

"கோழிக்குப் பூசுன கை, எலியைக் கண்டா சும்மா இருக்குமாக்கும்" என்றாள். "சொல்லாம உட்டா யாருக்குங்க தெரியப்போவுது?"

"அந்தப் புள்ள தப்பா எழுதிப்போடுமே."

"அப்பச் சொல்லிப்போடுங்க. வேலை போனா பல்லடத்துல கோழியா இல்லாம போச்சு?"

மறுநாள் டைரியை விரித்து நீட்டினார். வர்ஷினி இரண்டு தரம் படித்தாள்.

"எண்ணெயோடயாங்ண்ணா பூசுனீங்க?"

"ஆமாங்க. இல்லீனா ஒட்டாதுங்களே."

"நாங்களும் எண்ணெயிலதான் குடுக்கறோம், அப்பத்தான் உடம்புல சேரும்." சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "அது மூளை வரைக்கும் போச்சா இல்லையான்னு என்னால சொல்ல முடியாதுங்ண்ணா. ஆனா இந்த ரெண்டையும் கணக்குல வெக்க முடியாது."

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வெங்கடபதி அரைமணி நேரம் சத்தம் போட்டார். மருந்து தின்னாததில் மீதி நாலெலியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, முதலிலிருந்து செய் என்றார். சுப்பையனுக்கு ஒரு மெமோ. மே 15 அன்று ஒப்பந்தம் வழக்கமான ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

இரண்டாம் தடவை சோதனை நடந்த நாட்களில் அவர் மதியச் சாப்பாட்டை ஸ்பூனில் சாப்பிட்டார். குழம்புக் கையோடு கூண்டைத் தொடக் கூடாதென்று அவராக வைத்துக்கொண்டது. மே 20 அன்று ஓர் எலிக்குக் காதில் கடி, 9.20க்கு டாக்டருக்குப் போன் செய்தார்.

ஜூன் 11, புதன். மருந்து தின்றவை முன்பு போலவே சீக்கிரம் ஏறின. கடைசியாக நாலாம் கூண்டு: 47, 50, 44.

"மூணும் நல்லா மெதுவா ஏறுச்சுங்ண்ணா" என்றாள் வர்ஷினி. அவள் முகத்தில் நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

சுப்பையன் மூன்று எண்களையும் டைரியில் எழுதிக்கொண்டார். பிறகு நனைந்து நடுங்கிய எலிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் துடைத்துக் கூண்டில் விட்டார்.