சொல்லிக்கொடுக்காத மூன்றாவது பொத்தான்

சென்ற வாரம் ஒரு மல்லித்தழைக் கட்டைப் பிரித்துப்போட்டு ஆய்ந்துகொண்டிருந்தேன். மண்ணும் வேருமாகப் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து நேரே வந்த கட்டு. அப்போது போன் அடித்தது. தெரியாத எண் என்றால் லோன் வேண்டுமா என்று கேட்பார்கள், நான் எடுப்பதே இல்லை. அன்றைக்கு என்னவோ எடுத்துவிட்டேன்.

"அக்கா, நான் முப்பிடாதி மக செல்வி பேசுதேன். பாவூர்சத்திரத்துல டெம்போ ஓட்டுவாவல்லா, அவிய மக. அப்பா தவறிட்டாவக்கா, ரெண்டு மாசமாச்சு. ஆர்.சி. புக் உறைக்குள்ள ஒரு சீட்டு கெடந்துச்சு. ஒங்க பேரு, நம்பரு, கூட ஏதோ பாஸ்வேர்டு. அப்பா கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுனாவளாமே, நெசமாக்கா?"

"ஆமா செல்வி, எழுதினார்" என்றேன். கையெல்லாம் மல்லி வாசம். முப்பிடாதி அண்ணாச்சியின் வாசமும் அதுதான்.

பதினைந்து வருசத்துக்கு முன்னால் நான் தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, பரீட்சை முடிவு வரும் நாளில் மட்டும் தள்ளுமுள்ளு. மற்ற நாட்களில் ஈ ஓட்டுகிற நேரத்தில் நானும் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள், இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. முப்பிடாதி அண்ணாச்சி சந்தையில் காய்கறி இறக்கிவிட்டு வருவார். அவர் தட்டிவிட்டு எழுந்துபோன கீபோர்டில் சாயங்காலம் வரை மல்லித்தழை மணக்கும். அடுத்து உட்காருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலைக்கு விண்ணப்பம் நிரப்புவார்கள்.

அவருடைய வலைப்பூவின் பெயர் 'லோடு எறக்கின பொறவு'. வண்டியில் போகும்போது கண்டதை எழுதுவார். வாசுதேவநல்லூர் பஸ் ஸ்டாப்பில் ஒற்றைப் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு, அதை விற்பதா வேண்டாமா என்று அதனிடமே கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். பத்துப் பன்னிரண்டு வரிதான். நான் இரண்டு தடவை வாசித்தேன். இந்த மனுசன் முன்னால் நாமெல்லாம் எதற்கு எழுதுகிறோம் என்று பொறாமையாகக்கூட இருந்தது.

இப்படி யாரும் எட்டிப் பார்க்காத வலைப்பூக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருந்தோம். அதற்குப் பெயர் வைப்பதிலேயே மூன்று ஞாயிறு போனது, கடைசிவரை பெயர் இல்லை. பழைய குற்றாலத்தில் ஒரு பஜ்ஜிக் கடை பெஞ்சுதான் எங்களுக்கு இடம். சீசனில் ஈரத்துண்டும் தலையில் எண்ணெயுமாகப் போகிற கூட்டத்துக்கு நடுவே, எங்கள் பெயர்களைப் பழைய பஸ் டிக்கெட்டுகளின் பின்னால் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ, அந்த வாரம் மற்ற ஏழு பேரும் அவருடைய வலைப்பூவைப் படித்துப் பதிவின் கீழே பின்னூட்டம் எழுத வேண்டும். ஒரு தடவை டப்பாவையே குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதையும் மெம்பராகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று வெகுநேரம் பேசினோம்.

இரண்டு சட்டங்கள் இருந்தன. 'அருமை' என்று மட்டும் எழுதினால் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித்தர வேண்டும். இரண்டாவது, யாரும் யாருடைய பதிவைப் பற்றியும் நேரில் பேசக் கூடாது. பெஞ்சில் பாராட்டிவிட்டுப் போனால் பதிவு அங்கே மொட்டையாகக் கிடக்கும், வழிப்போக்கன் வந்து பார்த்தால் ஆளில்லாத கடை என்று நினைத்துத் திரும்பிவிடுவான். "வாயால சொல்லாத, அங்கன போயி எழுது" என்பதுதான் எங்கள் மந்திரம். இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். பெருமையாகத்தான் போட்டேன்.

அண்ணாச்சி ஒருமுறை சொன்னார்: "ஒங்களுக்கெல்லாம் என்னையத் தெரியும் தாயி. மொகம் பாத்து நல்லாருக்குன்னுதான சொல்லுவீய. என்னையத் தெரியாத ஒருத்தன் வாசிக்கணும். ஒருத்தன் போதும்."

அவருக்கு வலைப்பூ தொடங்கிக்கொடுத்ததும் நான்தான். புதுப் பதிவுகளைத் திரட்டிக் காட்டுகிற ஒரு தளம் அப்போது இருந்தது. பின்னூட்டங்களைப் பார்த்து ஒப்புதல் தந்து வெளியிடுகிற ஏற்பாடு இருந்தால்தான் அதில் சேர்ப்பார்கள். அதற்கு ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும், போட்டேன். "சீக்கிரம் தாயி, வண்டி ரோட்டுல நிக்கி, போலீஸ்காரன் வந்துருவான்" என்று அவர் பறந்தார். புதுப் பதிவுக்கு ஒரு பொத்தான், வெளியிட ஒரு பொத்தான், இரண்டை மட்டும் காட்டினேன். பின்னூட்டங்கள் வந்து காத்திருக்கிற இடத்தைப் பிறகு காட்டலாம் என்று விட்டுவிட்டேன். மெயில் முகவரி, பாஸ்வேர்டு, என் பேர், செல் நம்பர் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி அவர் பையில் திணித்தேன். அதற்கப்புறம் காட்டியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாருக்கும் காட்டியிருந்தேன் இல்லையா?

டப்பாவில் அவர் பெயர் நாலைந்து தடவை வந்தது. நாங்களும் சளைக்காமல் எழுதினோம். எழுதி முடித்ததும் 'உங்கள் பின்னூட்டம் ஒப்புதலுக்குப் பின் வெளியாகும்' என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான், ஒன்றும் வெளியாகாது. எங்கள் கூட்டத்தில் சுடலைமணி என்று ஒரு கான்ஸ்டபிள், புனைபெயரில் காதல் கவிதை எழுதுகிறவர். அவருக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "பெரிய எழுத்தாளருன்னு நெனப்பு அவருக்கு. நம்ம எழுதுனத வெளியிட்டா கொறஞ்சா போயிருவாரு?" எனக்கும் அப்படித்தான் பட்டது. கேட்டுவிடலாம் என்றால், பதிவைப் பற்றி நேரில் பேசக் கூடாதே! அவரும் வாய் திறந்து கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, டப்பாவில் மறுபடி அவர் பெயர் வந்தது. அண்ணாச்சி அந்த டிக்கெட்டை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வேற ஆளு பேர எடுங்க. நமக்கு எழுத வராதுன்னு எல்லாரும் சொல்லாம சொல்லிட்டிய. போதும்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மத்தவங்களை மதிக்கத் தெரிஞ்சாத்தான் அண்ணாச்சி எழுத்தும் வரும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் விளங்காத பார்வை. அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கூட்டத்துக்கும் வரவில்லை, எழுதவும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி, கைக்கு ஒரு ஸ்மார்ட்போன் வந்து, கூட்டமும் கலைந்தது.

செல்வி நேற்று அந்தப் பாஸ்வேர்டு சீட்டோடு வீட்டுக்கு வந்தாள். என் கையெழுத்துதான். மடித்து மடித்து நூலாய்ப் போயிருந்தது. அதில் இருந்த அதே மெயில் முகவரியைத்தான், அப்பா சொல்லச்சொல்ல, அவர் போனிலும் அவள் போட்டுக்கொடுத்திருந்தாளாம், அதனால் கணக்கு உயிரோடு இருந்தது. திறந்தேன். பதிவுகள் இருபத்து மூன்று. பக்கத்தில், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பின்னூட்டங்கள்: நாற்பத்தொன்று.

டிக் போட்டது நான், காட்டாமல் விட்டது நான், கேட்கவிடாமல் சட்டம் போட்டதும் நான். எங்கள் ஏழு பேருடைய பின்னூட்டங்களும் அங்கே இருந்தன. பூசணிக்காய்ப் பெண்ணைப் பற்றிச் சுடலைமணி ஒரு பக்கம் எழுதியிருந்தார். கூடவே, எங்களில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர். இலத்தூர்க்காரர், வளைகுடாவில் டிரைவர் வேலை. ஒன்பது பதிவுகளில் எழுதியிருந்தார். 'இலத்தூர் விலக்குல அந்த சோடாக் கடை இன்னும் இருக்கா அண்ணாச்சி?' என்று ஒன்று. அதன் கீழேயே, 'பதில் போட மாட்டியளா?' என்று இன்னொன்று. கடைசியாக: 'அண்ணாச்சி, மூணு மாசமா ஒண்ணையும் காணோமே. ஒடம்புக்கு சொகந்தான? வெள்ளிக்கிழமை லீவுக்கு இதத்தான் வாசிக்கேன்.'

அண்ணாச்சி கேட்ட அந்த ஒருத்தன்.

செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என் தப்புதான் செல்வி." அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். "அப்பா ஒரு நாளும் ஒங்களத் தப்பாச் சொன்னதில்லக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நாற்பத்தொன்றையும் வெளியிட்டோம். ஒவ்வொரு பெயராக அழுத்திப் பார்த்தேன். சுடலைமணியின் வலைப்பூ இல்லை. மற்றவர்களுடையதும் இல்லை. திரட்டித் தளம் எப்போதோ மூடிவிட்டது. பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இலத்தூர்க்காரர் பெயரை அழுத்தினால் எங்கும் போகவில்லை.

செல்வி போன பிறகு, என் பெயரில் இலத்தூர்க்காரருக்கு ஒரு பதில் எழுதினேன். 'அந்தக் கடை இப்போது இல்லை, தம்பி. ரோட்டை அகலப்படுத்தியதில் போய்விட்டது. முப்பிடாதி அண்ணாச்சியும் இல்லை. நீங்கள் எழுதியதை அவர் பார்க்கவே இல்லை.' அனுப்பினேன். 'உங்கள் பின்னூட்டம் ஒப்புதலுக்குப் பின் வெளியாகும்' என்று வந்தது.

செல்வி விட்டுப்போன சீட்டைப் பார்த்து உள்ளே போய், அதை வெளியிட்டுவிட்டு அந்த டிக்கை எடுத்தேன். இனி யார் வந்து எழுதினாலும் உடனே தெரியும். வரத்தான் ஆளில்லை.