வெயிலுக்கு முன்னால் ஒரு பெரட்டு

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்குப் பின்னாலிருந்த மரக்கறிப் பாத்தியில் திராட்சை விளைந்தது என்று நான் சொன்னால், வட்டகொடைப் பக்கத்து ஆட்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். நியாயம்தான். பகல் பன்னிரண்டு மணிக்கே பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊர் அது. அங்கே லீக்ஸ் விளையும், கோவா என்கிற முட்டைக்கோஸ் விளையும், சளி விளையும். ஆனால் ஒரு வருசம் திராட்சையும் விளைந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. உலகத்தில் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்து முடிந்திருந்த வயது.

அதற்கு இரண்டு வருசம் முன்னால், லொறி ஓட்டிய என் தாய்மாமா, வெயில் காயும் ஏதோ ஓர் ஊருக்குக் கோவா இறக்கப் போய், திரும்பும்போது ஈரச் சாக்கில் சுற்றிப் பன்னிரண்டு கொடித்துண்டுகள் கொண்டுவந்தார். அப்பாவுக்கும் அத்தைக்கும் அன்றே சண்டை தொடங்கியது.

அப்பாவுக்குத் தோட்டத்தில் தேயிலைக் கன்று நட வரிசை பிடிக்கும் வேலை. கயிறும் முளைக்குச்சியும் இருந்தால் இமயமலையைக்கூட வரிசையாக்கிவிடுவார். சரிவுக்குக் குறுக்கேதான் கயிறு ஓட வேண்டும் என்பது அவருக்கு வேதம். எங்கள் பாத்தி தெற்கே சரிந்திருந்தது. அவர் முறைப்படி நட்டால் வரிசை கிழக்கு மேற்காக ஓடும்.

அவருக்கு அக்காவான அத்தை, கணவர் இறந்தபின் எங்களோடு இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். மூன்று நாள் காலையில் பாத்தியில் ஒரு குச்சியை ஊன்றி நிழலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

“தம்பி, நம்ம ஊரு வெயிலு அரைநாள் வேலைக்காரன். காலையில வருவான், பன்னெண்டுக்குப் போயிருவான். நீ வைக்கிற மாதிரி வச்சா மொதக் கொடிதான் வெயிலு குடிக்கும். மத்ததெல்லாம் அதோட முதுகப் பாத்துக்கிட்டு நிக்கணும். பெரட்டுல நிக்கிற மாதிரி வையி. எல்லாம் வெயிலுக்கு மூஞ்சியக் காட்டி நிக்கட்டும்.”

பெரட்டு என்றால் காலையில் வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளைக்கு முன்னால் ஆட்கள் தோளோடு தோள் நிற்பது. வெயிலுக்கு முன்னால் அப்படி நிற்பதென்றால் வரிசை வடக்கு தெற்காக, சரிவோடு இறங்க வேண்டும்.

“ஒரு மழைக்கு மண்ணு பூராம் ஆத்துக்குப் போயிரும்க்கா. அப்பறம் பெரட்டுக்கு ஆளே இருக்காது” என்றார் அப்பா.

மாமா பஞ்சாயத்துச் செய்தார். ஆளுக்கு ஆறு கொடி. பழம் வந்தால் இரண்டு வரிசையிலும் தனித்தனியாக வைன் போட்டு, வருசப் பிறப்பன்று குடித்துப் பார்ப்பது. தோற்ற வரிசையைப் பிடுங்கிவிடுவது. அப்பா உடனே சரி என்றார். அத்தை கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டினாள். அந்த வீட்டில் தனக்கென்று அவள் கேட்டது அந்த ஆறு கொடிகளை மட்டும்தான்.

நான் அப்பா கட்சி. அங்கேதான் அதிகாரம் இருந்தது.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தினமும் கூடையில் கல் சுமந்தாள் அத்தை. ஒவ்வொரு கொடிக்கும் கீழே பிறை வடிவில் அணை கட்டினாள். மழை கொட்டியது. மண் அசையவில்லை. அப்பா குடையோடு போய்ப் பார்த்துவிட்டு, “கல்லு நல்லாத்தான் இருக்கு” என்று கல்லைப் பாராட்டினார்.

மூன்றாம் வருசம் மாசி வெயிலில் அத்தையின் ஆறு கொடியிலும் பழம் கருத்துத் தொங்கியது. அப்பா வரிசையில் கிழக்கோரக் கொடி மட்டும் பழுத்தது. மற்ற ஐந்தும் இலையில் வெள்ளை பூத்து, தேயிலைக் கொட்டை மாதிரிப் பச்சைக் காய்களோடு நின்றன. பின்னாளில் திராட்சைத் தோட்டங்களைப் பற்றித் தடித்த புத்தகங்கள் படித்தேன். வரிசையின் திசை, இலையின் ஈரம், பழத்தின் இனிப்பு, வைனின் குணம் எல்லாம் இருந்தன. அத்தை சொன்னதுதான், படங்கள் கூடுதல்.

பழம் பிழிவது அத்தை பொறுப்பு. அப்பா தன் பங்கை ஒரு பேசின் பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அத்தை அதில் ஒன்றை வாயில் போட்டாள்; முகம் கோணியது. பிறகு தன் பழத்தையே இரண்டு ஜாடியிலும் பிழிந்து ஊற்றினாள்.

“அத்தை, இது களவு!”

“வாயப் பொத்து புள்ள. ஊரு ஆளுக முன்னால ஒங்கப்பன் மூஞ்சி என்னா ஆகும்?”

வாயைப் பொத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதில் எதையாவது போடுவது. தடயத்தை அழிக்கிறேன் என்று அப்பாவின் காய்களை என்னால் முடிந்த மட்டும் தின்றேன். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். அப்பா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல்லிடுக்கில் பச்சைத் தோல். மூலையில் இருந்த இரண்டு ஜாடியையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இஞ்சி தட்டிப் போட்டு, பாலில்லாத பிளேன்டீ கொடுத்தார்.

வருசப் பிறப்பன்று லயமே கூடியது. மாமா இரண்டு போத்தலிலும் மாறி மாறிக் குடித்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. மச்சான், நீங்களே சொல்லுங்க” என்றார். அப்பா நிதானமாகக் குடித்தார்.

“என்னோடது கொஞ்சம் ஒசத்தி.”

“ஆமா தம்பி” என்றாள் அத்தை, டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அழுகை வந்தது. கட்சி மாறியே விட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அப்பா அலவாங்கு என்கிற கடப்பாரையோடு பாத்திக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். அத்தையின் வரிசையைத் தாண்டிப் போய், தன் முதல் கொடியின் வேரில் அலவாங்கை இறக்கினார்.

“அப்பா! அது நம்ம வரிசை!”

“தெரியும்டி. போயி அத்தைய வரச்சொல்லு. இனி அக்கா சொன்ன பெரட்டுதான். கயித்துக்கு அந்தப் பக்கம் புடிக்க ஆளு வேணும்.”

நேற்றுக் குடித்தது அவருக்கு இன்னும் இறங்கவில்லை என்று முடிவு செய்தேன். அத்தையிடமும் அப்படியே சொன்னேன். அடுப்பில் கொதித்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு அவள் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. களவு பிடிபட்டுவிட்டது, அடி அவளுக்கு முதலிலா எனக்கு முதலிலா என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.