பாலசமுத்திரத்துப் பாட்டுகளை எடுத்தது யார்?

புரூஃப் வந்த அன்று

திருப்பதி அச்சகத்திலிருந்து புதிய பாட்டுப் புத்தகத்தின் புரூஃப் வந்தபோது அதில் நான்கு தமிழ்ப் பாட்டுகள் இல்லை. நான்கும் சித்தூர் ஜில்லாவில் தமிழ் பேசும் கிராமமான பாலசமுத்திரத்தில் பாடக் கேட்டு, மெட்டுக்கு டோ-ரே-மி என்று சோல்ஃபா குறிப்பு எழுதி நான் சேர்த்தவை.

நான் அப்போது சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். எங்கள் சபைக்கு உலகம் முழுக்கக் கிளைகள் உண்டு. எல்லா நாட்டுக்கும் இனி ஒரே பாட்டுப் புத்தகம் என்று தலைமையிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். பாட்டின் எண்கூட மாறக் கூடாது. ஆப்பிரிக்காவில் இருபதாம் பாட்டு எதுவோ, சித்தூரிலும் அதுதான். கடைசியில் மட்டும் அந்தந்த வட்டாரத்துப் பாட்டுகளுக்குச் சில பக்கங்கள் விட்டிருந்தார்கள். எங்களுக்கோ தமிழும் தெலுங்கும் ஒரே ஆலயத்தில். அந்தச் சில பக்கங்களுக்குத்தான் அவ்வளவு இழுபறி.

காலமும் அப்படிப்பட்டது. ஆந்திரா தனி ராஜ்யமாகி, சித்தூர் ஜில்லா அதோடு போயிருந்தது. எந்த ஊர் எங்கே சேரும் என்பதுதான் எங்கும் பேச்சு. யார் எந்த மொழியில் வணக்கம் சொல்கிறார் என்றுகூடக் கவனித்தார்கள்.

கமிட்டி

புத்தகக் கமிட்டிக்கு எங்கள் போதகர் தலைவர். தமிழுக்கு ஞானமுத்து ஐயா, பலமனேரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெலுங்குக்கு தேவதானம் மாஸ்டர். பிரதியை அச்சகத்தில் சேர்த்தவர் மாஸ்டர்தான். அதனால் எல்லார் கண்ணும் அவர்மேல் போயிற்று. என் கண்ணும்தான். பிரதி கிளம்புவதற்கு முன்னால், பாலசமுத்திரத்துப் பாட்டுகளை மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று என்னிடம் அவர் வாங்கிப் போயிருந்தார். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கூட்டத்தில் ஞானமுத்து ஐயா சுற்றி வளைக்கவில்லை. "நாலும் நம்ம பாட்டு. எடுத்துக்கினு போனது இவுரு. இதுல யோசிக்க இன்னா இருக்குது?"

மாஸ்டர் தலை நிமிரவில்லை. "எடுத்தது நான்தானண்டி. காரணம் மட்டும் கேக்காதீங்க."

அவரைக் கமிட்டியிலிருந்து நீக்கிவிட்டதாகத் தலைமையிடத்துக்கு எழுத வேண்டும் என்றார் ஞானமுத்து ஐயா. போதகரும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டார். நான் பாலசமுத்திரம் போய் வரும்வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மாஸ்டரை நம்பி அல்ல. பாட்டுகளை மறுபடி எழுதி வந்துவிட்டால், அவர் தடுத்தும் அவை அச்சேறும் என்று நினைத்தேன்.

கடலைக் கொல்லையில்

முதல்முறை போனபோது அந்தத் தெருவே கூடிப் பாடியது. இந்த முறை என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொல்லவில்லை. முதலடி பாடி எல்லாருக்கும் பாட்டை எடுத்துக் கொடுக்கும் எஸ்தர் கடலைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள். சொந்த நிலம் இல்லாத குடும்பம், கூலிதான் ஜீவனம். நான் வரப்பில் நின்று பாட்டைப் பற்றிக் கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்தபடியே பேசினாள்.

"பாட்டுக்குக் கீழ ஊர் பேரு வரும், பொஸ்தவம் சீமைக்கெல்லாம் போவும்னு நீங்கதான் சொன்னீங்க. எவனாவது அதத் தூக்கிக்கினு வந்து, இது தமிழ் ஊரு, மெட்ராஸ் பக்கம் சேரணும்னு சொன்னா, ஆந்திராதான் வேணும்ங்கிற நெலத்துக்காரரு எங்கள கொல்லையில கால் வெக்க வுடுவாரா?"

வெறும் பயம் இல்லை அது. நான் பாட்டு எழுதிப் போன மறுநாளே நிலத்துக்காரரின் ஆள் வந்து, அந்த டீச்சருக்கு யார் யார் பாடினார்கள் என்று விசாரித்திருக்கிறான். இரண்டு வீட்டுக்கு வேலை நின்றுபோயிற்று. அதன் பிறகுதான் எஸ்தர் சித்தூருக்கு நடந்து போய் மாஸ்டரைப் பார்த்திருக்கிறாள்.

தமிழ்க்காரரான ஞானமுத்து ஐயாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவரு எல்லைக்காக மகஜர் எடுத்துக்கினு கையெழுத்து கேட்டுக்கினு சுத்துறாரு. அவராண்ட போனா எங்களத்தான் முன்னாடி நிக்க வெப்பாரு. மாஸ்டரு யாராண்டயும் வாயத் தெறக்கமாட்டேன்னு வேதத்து மேல கை வெச்சாரு."

போதகருக்கு மட்டும் சொல்லலாமா என்றேன். பறித்த களையை உதறி வரப்பில் போட்டுவிட்டு, அவருக்கு மட்டும் என்றாள். தமிழோ தெலுங்கோ, எந்தப் பாட்டுக்கும் கீழே ஊர்ப்பெயர் போடாவிட்டால் சம்மதமா என்று கேட்டேன். மூன்று பாட்டுக்குச் சம்மதித்தாள். நான்காவதில் அவர்கள் ஏரியின் பெயர் வருகிறது. அது மட்டும் வேண்டாம் என்றாள். கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அதுதான். நான் வற்புறுத்தவில்லை.

புத்தகம்

போதகர் முழுவதும் கேட்டுவிட்டு, ஊர்ப்பெயர்களை எல்லாம் எடுக்கச் சொன்னார். மூன்று பாட்டும் அச்சேறின. ஞானமுத்து ஐயாவோ, தான் போட்ட சத்தத்துக்குப் பயந்துதான் மூன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள், நான்காவதை மாஸ்டர் ஒழித்தே விட்டார் என்று கடைசிவரை சொல்லிவந்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஆலயத்தில் தமிழ்க்காரர்கள் மாஸ்டரோடு பேச்சை நிறுத்தினார்கள். சண்டை வளர வேண்டாம் என்று அவரே கமிட்டியை விட்டு விலகினார். புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் பெயர் கெட்டுவிட்டதே என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பர்வாலேதம்மா, பரவாயில்ல. சொன்னா அவங்க கூலி போவுது. சொல்லலேன்னா என் பேருதானே போவுது?"

அதன் பிறகு பல வருஷம் பாட்டு சேகரிக்கும் வேலை செய்தேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பாடச் சொல்லுமுன், இதை அச்சில் போடலாமா, போட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் அப்படிக் கேட்டபோது வேண்டாம் என்றார்கள். பேனாவை மூடிவைத்தேன். பிறகு அவர்கள் பாடினார்கள். கேட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.