மறியலில் நின்ற ஐஸ் பெட்டி

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம், சென்னைக்கும் சேலத்துக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சேலத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் மகளுக்காகச் சென்னை லேப் ஒன்றிலிருந்து தெர்மாகோல் பெட்டி எடுத்து வந்தேன். உள்ளே புகை விடும் ஐஸ். அதன் நடுவே சின்னக் குழாயில் ஒரு புரதம். மனித செல்லின் சவ்வில் இருப்பதாம். லேபில் வேறு செல்லில் வளர்த்து எடுத்ததாம்.

"அது இன்னாம்மா பண்ணும்?" என்று போனில் கேட்டேன்.

"உன் வேலதாம்பா. செல்லுக்குள்ள சரக்கு ஏத்தி எறக்கும். எங்கியும் நிக்காம வா. ஐஸ் போனா அதுவும் போயிடும்."

தியாகதுருகம் தாண்டியதும் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதன் நிழலில் எத்தனையோ நாள் கட்டுச்சோறு தின்றிருக்கிறேன். மறித்தவர்கள் எங்கள் சனம்தான். மச்சான் முறைக்காரன் ஒருவன் பெட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மச்சான், சம்மந்தி வூட்டுக்கு மீனா? கொல்லப் பக்கமா வேன உடு, போ."

"நம்ம புள்ளைங்க படிக்கத்தான நிக்கிறீங்க. நா மட்டும் எப்டிப் போறது?"

ஐஸ்தானே, வேறு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து அவர்களோடு உட்கார்ந்தேன்.

மறுநாள் மதியம்தான் வழி விட்டார்கள். புகை நின்றிருந்தது. கள்ளக்குறிச்சி சோடாக் கடையில் ஐஸ் வாங்கிப் பெட்டி நிறைய அடைத்தேன்.

மகள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஜில்லுனுதாம்மா இருக்கு."

"இந்தக் குளிரு அதுக்குப் பத்தாதுப்பா. திரும்ப வளக்க ஒரு வருசம் ஆவும்."

பிறகு கேட்டாள்: "சாப்டியா?"

மேசையில் வரிசையாக எடுத்து வைத்திருந்த கண்ணாடிக் குப்பிகளை, ஒவ்வொன்றாக அலமாரிக்குள் திருப்பி வைத்தாள்.