இருந்தபடியே திரும்ப வேண்டும்

திங்கட்கிழமை காலை படகுத்துறையில் மகளை என் கணவரின் அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போவேன். வெள்ளிக்கிழமை மாலை திரும்புவேன். நடுவில் உள்ள நாட்களில் எனக்கு ஒரே கேள்விதான்: இந்தத் தடவையாவது என்னிடம் வருவாளா? நான் சொல்லப்போகும் வாரத்துக்கு முந்தைய வாரம் அவள் வரவில்லை. கையை நீட்டினேன், அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தூங்கிய பிறகுதான் என் மடியில் போட்டுக்கொள்ள முடிந்தது.

அதனாலோ என்னவோ, அந்தத் திங்கட்கிழமை அக்காவிடம் கூடுதலாகவே சொன்னேன். கேழ்வரகுக் கூழில் உப்பு வேண்டாம். ஜுரம் வந்தால் எந்த மருந்து, எவ்வளவு. வெயில் வேண்டாம். ஏரிப் பக்கம் வேண்டாம், அங்கே சேறும் கிளிஞ்சலும். தூக்கத்தில் அழுதால் முதுகைத் தட்டாமல் நெற்றியைத் தடவ வேண்டும்.

"நிறுத்து மே," என்றார் அக்கா. "கையில நாலுதான் நிக்கும். நீ நாப்பது குடுக்கிற. மீதிய எங்க வெக்கிறது, கொண்டையிலயா?"

படகுக்காரர் சிரித்தார். "ஏறும்மா. பஸ்சு இன்னா உங்க வூட்டு மாடா, கூப்ட்டா நிக்கறதுக்கு?"

ஏறினேன். ஏரியைக் கடந்து, பழவேற்காட்டில் பஸ் பிடித்துத் திருப்பாலைவனம் தாண்டும் வரை, உப்பை முதலில் சொன்னேனா, ஜுரத்தை முதலில் சொன்னேனா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுதுவது அசெம்பிளி, சிப்போடு நேரடியாகப் பேசும் கணினி மொழி. மீன் வைக்கும் குளிர் அறைகளைக் கண்காணிக்கிற ஒரு கருவி; அதிலுள்ள சிப்பில் இடம் கொஞ்சம். ஆகவே சில பகுதிகளைச் சிப்பின் கட்டளைகளிலேயே எழுத வேண்டியிருக்கிறது. ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு, இன்னொன்றை வேலைக்கு அழைக்கும்போது, வேண்டிய மதிப்புகளை அதன் கையில் கொடுத்தாக வேண்டும். முதல் நான்கை ரெஜிஸ்டர் எனப்படும் இடங்களில் வைக்கிறோம். அதற்கு மேல் இருப்பவை ஸ்டாக் என்ற அடுக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக. எதனோடும் பெயர் போவதில்லை. முதல் இடத்தில் வெப்பநிலை என்று பேசிக்கொண்டால், அங்கே இருப்பது எதுவானாலும் வெப்பநிலைதான். தவறிப்போய் நேரத்தை வைத்தால், நேரத்தையே வெப்பநிலையென்று நம்பி வேலையை முடித்துவிடும். சந்தேகம் கேட்காது. சந்தேகமெல்லாம் எனக்குத்தான்.

அந்த வாரம் நான் எழுதிய ஃபங்ஷன் சரியான விடையைக் கொடுத்தது. ஆனால் அதை அழைத்த ஃபங்ஷன், விடையை வாங்கிக்கொண்ட பிறகு தடுமாறியது. எங்கே விட்டோம் என்று மறந்தவள் போல, எண்ணியதையே மறுபடி எண்ணியது. கொடுத்தவற்றைச் சரிபார்த்தேன். வரிசை சரி, மதிப்பும் சரி. மறுபடி பார்த்தேன். வேலை இழுத்தால் சனிக்கிழமையும் வரச் சொல்வார்கள் என்ற பயத்தில், கண் முன்னால் இருந்ததையே மேலும் மேலும் பார்த்தேன். இடையில் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு. சிக்னல் விட்டுவிட்டு வந்தது. மகள் திரையைத் தொட்டாள், நானும் தொட்டேன். அவள் கன்னம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றது.

பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கொடுத்ததையே பாத்துக்கிட்டு இருக்கியே, கொடுக்காததைத் தொட்டியான்னு பாரு."

தொட்டிருந்தேன். யாரும் எனக்குக் கொடுக்காத ஒரு ரெஜிஸ்டரை இடையில் பயன்படுத்தியிருந்தேன். அழைத்த ஃபங்ஷன் தன் எண்ணிக்கையை அதில்தான் வைத்திருந்தது. இரவல் எடுக்கலாம், தப்பில்லை. திரும்பும் முன் இருந்தபடியே வைத்துவிட வேண்டும். சிப் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை. எழுதுகிறவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். நுழையும்போது ஸ்டாக்கில் ஏற்றி வைக்க ஒரு வரி, வெளியேறும்போது எடுத்துப் போட ஒரு வரி. எழுதினேன். ஓடியது.

தோழி டீக்கு அழைத்தாள். நான் எழுந்திருக்காமல் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அதுதானே வேண்டும்? என் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு, பொக்கை வாயால் சிரித்து, திங்கட்கிழமை எப்படிக் கொடுத்தேனோ அப்படியே மகள் எனக்குத் திரும்ப வேண்டும். கேட்கக்கூடாததைக் கேட்கிறேனோ என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை படகிலிருந்து இறங்கியதும், ஊருக்கு வெளியே போய் வந்தவர்கள் எல்லோரையும் போலக் கால் கழுவினேன். பிறகு, என் வழக்கப்படி, பையிலிருந்த சோப்பால் கையையும் கழுவினேன். அக்கா மேட்டில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மகளின் வாயிலிருந்து ஒரு சின்ன ஓலைக்கூடை கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. பறி. அக்காவைப் போல இறால் தடவுகிறவர்களுக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் வேண்டும். அதனால் பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள்.

"ஏரிப் பக்கம் கூட்டிட்டுப் போனீங்களா அக்கா?"

"நான் எங்க கூட்டினு போனேன்? நான் தண்ணில இருந்தேன். அதோட நைனா, என் தம்பிதான், கரையில தூக்கினு நின்னான். நான் பறிய கவ்வினத பாத்துச்சு. வூட்டுக்கு வந்ததும் இத இழுத்து வாயில வெச்சிக்கிச்சு. பல்லு வருதில்ல, நமநமன்னு இருக்கும்."

பல் முளைத்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை. "கழுவினதா?" என்றேன்.

"கழுவி வெயில்ல காய வெச்சது, தாயே. உன்ன எனக்குத் தெரியாதா?"

கையை நீட்டினேன். மகள் என் விரல்களை முகர்ந்து பார்ப்பது போலக் குனிந்தாள். பிறகு அத்தையின் தோளுக்குத் திரும்பிவிட்டாள். பறி நழுவிக் கீழே விழுந்தது.

"சோப்பு வாசன அதுக்கு ஆவல," என்றார் அக்கா. என் முகத்தைப் பார்த்தார். "அத எடு. கவ்வு."

"என்னது?"

"பறிய கவ்வு மே. படிச்ச புள்ள, இதுக்கு இன்னா யோசன?"

நண்டுக் கூடையோடு இறங்கிய பெண்கள் நின்றுவிட்டார்கள். "ஆபீசு பொண்ணு எறா தடவப் போவுதுடோய்!" என்று படகுக்காரர் குரல் கொடுத்தார். குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டுக் கயிற்றைப் பல்லில் வைத்தேன். உப்பு. பழைய ஓலை. அதற்கு மேல், அவள் எச்சிலின் ஈரம்.

மகள் திரும்பினாள். என் மோவாய்க்குக் கீழே ஆடிய பறியை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவளுடையதை நான் எடுத்துக்கொண்டது போல ஒரு சத்தம் போட்டு, உடம்பு முழுவதையும் என் பக்கம் சாய்த்தாள். அக்கா கையை விட்டார். நான் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமையை விடக் கனமாக இருந்தாள்.

அவள் பறிக்காகத்தான் வந்தாள், எனக்குத் தெரியும். கூழ் குடித்தாளா, தூக்கத்தில் அழுதாளா என்ற கேள்விகளை வழிநெடுகச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் பறி விழும். விழுந்தால் அதன் பின்னாலேயே அவளும் போய்விடுவாள். ஒன்றும் கேட்காமல், கயிற்றை இறுகக் கவ்விக்கொண்டு, அவளைச் சுமந்து வீட்டுக்கு நடந்தேன்.